பாட்டியின் கெம்பு அட்டிகையும் என் வெள்ளி ஜிமிக்கியும் சேருமா?

வெள்ளிக்கொலுசு:

அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் நாகர்கோவிலில் கல்யாணம். பெண்ணுக்கு நான் அத்தை. மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள், எல்லாப் போட்டோவிலும் இருப்பேன். சிக்கல் நகையில்.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் கெம்பு அட்டிகை: சிவப்புக் கல் பதித்தது, கழுத்தை ஒட்டி நிற்கும், நடுவில் ஓர் அன்னம், கீழே வரிசையாகச் சின்ன முத்துத் தொங்கல், பின்னால் சங்கிலிக்குப் பதில் கயிறு. அம்மாவின் ஏழுகல் வைரத்தோடு: பழைய கட்டு, பின்பக்கம் மூடியிருக்கும். மாமியார் வீட்டில் போட்ட மாங்காய் மாலை: பளிச்சென்று புது மஞ்சள். மூன்றும் லாக்கர்வாசிகள். தினமும் என் உடம்பில் இருப்பது வேறு. கறுப்பேற்றிய வெள்ளியில் பெரிய ஜிமிக்கி, இடது கையில் தடியான வெள்ளிக் காப்பு. அந்த ஜிமிக்கி இல்லாமல் போனால் ஆபீஸில் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள்.

முகூர்த்தத்துக்கு அரக்கு நிறப் பட்டு, தங்க ஜரிகை. மாலை வரவேற்புக்குக் கத்தரிப்பூ நிறம், வெள்ளி ஜரிகை.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார். “இதுல எதுவும் எதோடயும் ஒட்டலையேம்மா. அந்தப் பழைய அட்டிகையை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு, ஆரம், கம்மல், வளையல் எல்லாம் சேர்ந்தாப்ல ஆன்டிக் செட்டா ஒண்ணு எடுத்துரு. நாலு பேர் பாக்குற இடம்.” கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு செட் பிடிக்காது. பொம்மைக்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இருக்கிறதை எப்படிச் சேர்ப்பது என்றும் பிடிபடவில்லை. தங்கத்தோடு வெள்ளி போடலாமா, கெம்போடு வைரம் போகுமா, எதை வீட்டில் விட்டுப் போவது? தயவுசெய்து “சிம்பிளா போடுங்க, அதுவே அழகு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு நகை பிடிக்கும். நிறையவே பிடிக்கும்.

சலங்கை:

நான் நாட்டியப் பிள்ளைகளுக்கு மேடை அலங்காரம் செய்கிறவள். கெம்போடுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரங்கேற்றத்துக்கு நாங்கள் போடுவது முழு செட். தலைக்கு நெத்திச்சுட்டி, வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், பின்னால் ராக்கொடி, காதுக்கு ஜிமிக்கி மாட்டல், கழுத்துக்கு அட்டிகை, அதற்குக் கீழே நீள மாலை, இடுப்புக்கு ஒட்டியாணம். எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கல், ஒரே மாதிரி வேலை. ஏன் தெரியுமா? கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெண் தலை முதல் இடுப்பு வரை ஒரே உருவமாகத் தெரிய வேண்டும். அங்கே தனித்தனி நகைக்கு வேலை இல்லை.

கல்யாண மண்டபத்தில் உங்களைப் பார்க்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். பேசும்போது காதைப் பார்ப்பார், சந்தனம் கொடுக்கும்போது கையைப் பார்ப்பார். அவ்வளவு கிட்டத்தில் எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் ஒன்றைப் பார்த்ததும் மற்றதைப் பார்க்கத் தோன்றாது. செட் என்பது மேடைக்கும் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கும் பொருந்துகிற விஷயம்.

ஆனால் செட் வேண்டாம் என்றால் எதையும் எதோடும் போடலாம் என்று அர்த்தமில்லை. நான் முதலில் பார்ப்பது கழுத்தில் எத்தனை கோடு விழுகிறது என்பதை. உங்களுக்குத் தாலிச் சங்கிலி இருக்கிறது இல்லையா? அது ஏற்கெனவே ஒரு நீளக் கோடு. அதன்மேல் மாங்காய் மாலை இரண்டாவது கோடு. அட்டிகையையும் ஏற்றினால் அன்னத்தின் மூக்கு எங்கே, மாங்காயின் வால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அட்டிகையைச் சுற்றி வெறும் தோல் தெரிய வேண்டும். அகலக் கழுத்து ரவிக்கை போட்டு, அட்டிகைக்கும் ரவிக்கை விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடுங்கள். அப்போதுதான் அந்த முத்துத் தொங்கல் ஆடுவது தெரியும். துணியின் மேல் விழுந்தால் முத்து செத்துப்போகும்.

அட்டிகையும் மாங்காய் மாலையும் ஒரே வேளையில் வேண்டாம் என்பது என் கட்சி. உங்களுக்கு இரண்டு வேளை இருக்கிறது, இரண்டு புடவை இருக்கிறது. பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கோமளா மாமி:

சலங்கை சொல்வது கழுத்து வரைக்கும் சரி. வெள்ளி விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முகூர்த்தத்தில், அதுவும் பெண்ணுக்கு அத்தை, காதில் கறுத்த வெள்ளியோடு நின்றால் பார்க்க நன்றாக இருக்காது. மாலையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளம்மா.

வைரத்தோட்டைப் பற்றி ஒன்று. எம்.எஸ். அம்மாவை நினைத்துப் பார். காதில் வைரத்தோடு, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், தலையில் மல்லிகை. முகத்தில் இவ்வளவுதான். கண் வேறெங்கும் போகாது. வைரத்தோடு போட்டால் காதில் வேறு ஒன்றும் தொங்கக் கூடாது, அதற்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும்.

சலங்கை:

மாமி, உங்களோடு சண்டை போட ஆசையில்லை. ஆனால் தலையோடு கால் தங்கம் போட்ட மணப்பெண் காலில் என்ன போட்டிருக்கிறாள்? வெள்ளிக் கொலுசு, வெள்ளி மெட்டி. தங்கத்தைக் காலில் போடக் கூடாது என்று நாமேதான் வைத்திருக்கிறோம். ஆக நம் கல்யாணங்களில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்துதானே நிற்கின்றன?

கோமளா மாமி:

காலில் இருக்கட்டும். நான் கேட்டது காதை.

பத்தர்பேரன்:

தாத்தா காலத்தில் பட்டறை, இப்போது எனக்கு ரிப்பேர் வேலைதான் அதிகம். நகை ரசனை பற்றிப் பேச நான் ஆளில்லை, உலோகம் பற்றிச் சொல்கிறேன்.

தங்கமும் வெள்ளியும் பக்கத்தில் இருந்தால் கண்ணை உறுத்தாது. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, வேறு வேறு என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கண்ணை உறுத்துவது இரண்டு வேறு மஞ்சள்தான். 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், மீதி 8.4 செம்பு, வெள்ளி, சில சமயம் துத்தநாகம். செம்பு கூடினால் நிறம் சிவப்பாகச் சாயும், வெள்ளி கூடினால் வெளிறும். பழைய நகைகளில் செம்பு நிறம் தூக்கலாக இருக்கும். புது மெஷின் நகை எலுமிச்சை மஞ்சளாக மின்னும். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்று கவரிங்கோ என்று சந்தேகம் வரும், இரண்டும் அசல் 916 ஆக இருந்தாலும். கட்டிலில் பரப்பியபோது உங்கள் மாமியார் கண்ணில் பட்டது அதுவாகத்தான் இருக்கும். அவர் சொன்னதில் தப்பில்லை. அட்டிகையும் மாங்காய் மாலையும் நிஜமாகவே ஒட்டாது.

வைரத்தோடு மூடிய கட்டு என்கிறீர்கள். பழைய தோடு, பின்னாலிருந்து வெளிச்சம் நுழையாது. அதற்குப் பக்கத்தில் இந்தக் காலத்து அமெரிக்கன் டைமண்ட் எதையும் வைக்காதீர்கள். மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் ஐந்நூறு ரூபாய்க் கல் கண்ணைப் பறிக்கும், உங்கள் அம்மாவின் வைரம் தூங்கும். தனியாக இருந்தால் அது அழகாகத் தன் வேலையைச் செய்யும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றி: கெம்பு நகையில் கல்லின் எடையைக் கழிப்பார்கள், உள்ளே இருக்கும் அரக்கின் எடையைக் கழிப்பார்கள். கல்லுக்குத் தனியாகக் காசு தரமாட்டார்கள். புதிதாக எடுக்கும் செட்டுக்குச் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆன்டிக் வேலை என்றால் சேதாரம் இன்னும் கூடும். கொடுப்பதும் நஷ்டம், எடுப்பதும் நஷ்டம்.

கடைசியாக ஒன்று. நாகர்கோவில், கெம்பு, பின்னால் கயிறு என்கிறீர்கள். அட்டிகையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். என்ன நிறம் என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கொலுசு:

பார்த்தேன். லாக்கரிலிருந்து எடுத்துவந்ததை இன்னும் திருப்பி வைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

முதுகு வெள்ளை! ஓரத்தில் கறுத்திருக்கிறது. முன்பக்கத்திலேயே அன்னத்தின் வால் ஓரத்தில் தங்கம் தேய்ந்து உள்ளே வெள்ளை தெரிகிறது. இத்தனை வருடமாக அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கல் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தங்க விளிம்பு மடித்துவிட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விளிம்பு எங்கும் ஒரே அளவில் இல்லை, கையால் அழுத்திய மாதிரி ஏறி இறங்கிப் போகிறது. சில கல் கருஞ்சிவப்பு, ஒன்றிரண்டு ரோஜா நிறம். இதெல்லாம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இது என்ன, கவரிங்கா?

பத்தர்பேரன்:

கவரிங் இல்லை. அந்த வார்த்தையை அதன் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

நாகர்கோவில் வடசேரியில் செய்கிற வேலை அப்படித்தான். வெள்ளியில் உருவம் செய்து, கல் பதித்து, மேலே சுத்தத் தங்கத் தாளைப் போட்டு அழுத்துவார்கள். முலாம் என்றால் கரைசலில் முக்கி எடுப்பது, இது தாள், தடிமன் உண்டு. கோயில் சிலைகளுக்குச் சாத்துவதற்குச் செய்த வேலை, அப்புறம் நாட்டியத்துக்கு வந்தது. “நாகர்கோவில் கோயில் நகை” என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. முழுத் தங்கத்தில் செய்ததும் உண்டு, உங்களுடையது வெள்ளி.

உறுதி செய்ய வேண்டுமானால் தங்கம் சோதிக்கும் மெஷினில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். முன்பக்கத்தை மட்டும் வைத்தால் தங்கம் என்றே காட்டும். பின்பக்கத்தையும் வைக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்க மட்டும் விடாதீர்கள், தாள் போய்விடும்.

தண்ணீரில் கழுவாதீர்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் எல்லாம் வெறும் தங்கத்துக்குத்தான். இதில் கல்லுக்கு அடியில் தகடு இருக்கும், ஈரம் இறங்கினால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். முத்துக்கு சென்ட் ஆகாது. சென்ட், ஸ்பிரே எல்லாம் முடித்த பிறகு கடைசியாகக் கட்டுங்கள்.

வெள்ளிக்கொலுசு:

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பாட்டி போன பிறகு பங்கு பிரித்தபோது இந்த அட்டிகைக்கு ஐந்து பவுன் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு ஈடாக அக்கா வளையல்களை எடுத்துக்கொண்டாள். வளையல் அத்தனையும் அசல் தங்கம்!

ஆனால் ஒன்று. இனி எந்தக் கடையும் இதைத் தங்கம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்காது. மாமியார் யோசனை தானாகவே அடங்கிவிட்டது. இன்னொன்றும் தோன்றுகிறது. நான் தினமும் போடுவது வெள்ளி, பாட்டி பொத்திப் பொத்தி வைத்திருந்ததும் உள்ளே வெள்ளி. அப்படியானால் என் ஜிமிக்கியை இதோடு போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கோமளா மாமி:

அக்காவிடம் வாயைத் திறக்காதே. இப்போது சொல்லி என்ன கிடைக்கப் போகிறது? கல்யாண வீட்டில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். உனக்கு அட்டிகை பிடித்திருக்கிறது, அவளுக்கு வளையல் பிடித்திருக்கிறது, முடிந்தது கணக்கு.

கடுக்கன்காரன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆண்களுக்கு இதில் ஏதாவது உண்டா? தாத்தாவின் சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருக்கிறேன், தங்கம். கையில் வெள்ளிக் காப்பு, மறு கையில் ஸ்டீல் வாட்ச். “கோயில் திருவிழா மாதிரி இருக்கே” என்கிறாள் மனைவி.

சலங்கை:

கடுக்கன் இருக்கட்டும். காப்பையும் வாட்சையும் ஒரே கையில் போடுங்கள், மறு கையை வெறுமையாக விடுங்கள். வாட்சுக்குப் பழுப்புத் தோல் பட்டை மாற்றினால் வெள்ளையாக மின்னுவது ஒன்று குறையும். ஆனால் காப்பு உரசி வாட்ச் கண்ணாடியில் கோடு விழும், அது சம்மதம் என்றால் மட்டும்.

யாழ்மருமகள்:

நாங்கள் இப்ப டொரொண்டோவில் இருக்கிறோம். எங்கட பக்கத்தில் தாலிக்கொடி நல்ல மொத்தம். விசேஷத்துக்கு அதைப் போட்டால் கழுத்தில் வேறு எதுவும் எடுபடாது. நான் அன்றைக்கு அட்டியல் போடுறதில்லை. காதுக்குச் சின்னத் தோடு, மற்றதெல்லாம் கைக்கு. இரண்டு கையிலும் காப்பு நிறையப் போட்டு, நடுவில் அம்மம்மாவின் பழைய பவளக் காப்பு ஒன்றைச் செருகுவேன். கழுத்தைத் தாலிக்கொடி எடுத்துக்கொண்டால் உங்கட ரசனையைக் கையில் காட்டுங்கோ. வெள்ளிக் காப்புக்கும் அதுதான் இடம் எண்டு நினைக்கிறன்.

சலங்கை:

இவர் சொன்ன கை விஷயம் அருமை. இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அரக்குப் பட்டு. மாங்காய் மாலை, வைரத்தோடு, கையில் தங்க வளையல்களுக்கு நடுவே அரக்கு நிறக் கண்ணாடி வளையல். மாங்காய் மாலை தங்க ஜரிகையோடு போகும். மாமியாருக்கும் மனம் குளிரும், அவர் வீட்டு நகை முகூர்த்தப் போட்டோவில் இருக்கிறது. தாலிச் சங்கிலி மாங்காய் மாலைக்கு உள்ளே ஒரு கோடாக இருக்கட்டும். மாமி, இதில் வெள்ளி கிடையாது, காலில் போடுவதைத் தவிர.

மாலையில் கத்தரிப்பூப் பட்டு, வெள்ளி ஜரிகை. அட்டிகை, கறுத்த வெள்ளி ஜிமிக்கி, வெள்ளிக் காப்பு. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுவிடுங்கள். கெம்புச் சிவப்பை இன்னொரு இடத்தில் ஒரே ஒரு முறை காட்டுங்கள். மோதிரமோ கொண்டையில் ஒரு கெம்பு ராக்கொடியோ போதும். சிவப்பு கழுத்தில் மட்டும் நின்றால் எடுத்து ஒட்டிய மாதிரி இருக்கும், மூன்று நாலு இடத்தில் வந்தால் மறுபடி செட் ஆகிவிடும். தலைக்கு வெள்ளைப் பூ வையுங்கள். கனகாம்பரம் வேண்டாம், அதன் ஆரஞ்சு கெம்பை அடித்துவிடும்.

கயிற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது வசதி. சங்கிலி வைத்த அட்டிகை ஒரே உயரத்தில்தான் நிற்கும். கயிறு என்றால் குரல்வளைக்கு ஒட்டியும் கட்டலாம், கழுத்து எலும்புக்குக் கீழேயும் இறக்கலாம். முடிச்சைக் கட்டிய பிறகு ஒரு சின்னப் பின்னூசியால் ரவிக்கையின் பின்விளிம்போடு பிடித்துவிடுங்கள், குனியும்போது முன்னால் சரியாது.

வெள்ளிக்கொலுசு:

காலைக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மாமியாரிடம் மாங்காய் மாலையைச் சொன்னேன், “பின்ன, அது எவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தது” என்று அவரே துடைத்து வைத்துவிட்டார்.

மாலைக்கு என் மனதில் ஒன்று ஓடுகிறது. சிரிக்காதீர்கள். ஜிமிக்கியைத் தனியாகப் போடாமல், அம்மாவின் வைரத்தோட்டுக்குக் கீழே தொங்கவிட்டால்? மேலே ஏழு கல் நீலமாக மின்ன, கீழே கறுத்த வெள்ளிக் குடை ஆட. கண்ணாடி முன்னால் கையால் பிடித்துப் பார்த்தேன். வைரத்தின் வெள்ளையும் வெள்ளியின் வெள்ளையும் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. அம்மா, பாட்டி, நான் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி. இது என்னைத் தவிர யார் காதிலும் இருக்காது.

கோமளா மாமி:

நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. வைரத்தோட்டுக்குக் கீழே கறுத்த ஜிமிக்கியா! சரி, மாலையில் என்ன வேண்டுமானாலும் செய் என்று நானே சொல்லிவிட்டேன். போட்டோ போடு. பார்த்துவிட்டுத் திட்டுகிறேன்.

சலங்கை:

போடுங்கள். இதைத்தான் நான் கேட்க ஆசைப்பட்டேன்.

பத்தர்பேரன்:

செய்யலாம், ஆனால் தோட்டில் நேராக மாட்டாதீர்கள். பழைய தோட்டின் தண்டு மெல்லிசு, அடியில் கொக்கி மாட்ட வளையம் இருந்தாலும் அதில் ஏற்கெனவே தேய்மானம் இருக்கும். பெரிய ஜிமிக்கியின் எடையை அதில் தொங்கவிட்டால் தோடு முன்னால் கவிழ்ந்து, வைரம் தரையைப் பார்க்கும்.

ஜிமிக்கியின் மேல் வளையத்தைக் கொஞ்சம் தட்டையாக்கித் தரச் சொல்லுங்கள். தோட்டுக்கும் காது மடலுக்கும் நடுவில் தண்டில் அதைக் கோத்துவிட்டுத் திருகாணியைப் போட வேண்டும். அப்போது எடை தோட்டின் முகத்தில் விழாது, தண்டோடு காதில் இறங்கும். காதும் தாங்க வேண்டுமே, அதற்கு மாட்டல் போடுங்கள். வெள்ளி மாட்டலே கிடைக்கும், முத்து வைத்ததாக எடுத்தால் அட்டிகையின் தொங்கலோடு போகும். மாட்டலின் கொக்கியை வெறும் முடியில் செருகாமல், கொண்டை ஊசி ஒன்றைக் குத்தி அதில் மாட்டுங்கள்.

திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இன்னொரு வளையம் வந்தால் திருகாணிக்குக் கிடைக்கும் இடம் குறையும், இரண்டு சுற்றாவது இறுக்கமாக ஏறினால்தான் போடலாம். ஏறவில்லை என்றால் தண்டை நீட்டுகிற வேலை, சின்ன வேலைதான். ஆனால் வைரத்தை வைத்துக்கொண்டு சூடு காட்டத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம், இப்போதே போங்கள். முகூர்த்த மாதத்தில் எந்தப் பட்டறையும் ரிப்பேரைக் கையில் தொடாது.